வில்லுக்கு மரம் பார்ப்பவர்

டயகமப் பக்கத் தோட்டம் ஒன்றில் சூசைரட்ணம் என்பவர் மூங்கிலையும் கித்துள் பனைமரத்தையும் அடுக்கி ஒட்டி ஆளுயர வில் ஒன்று செய்துவிட்டாராம்; அதற்குப் பயந்து காட்டுப்பன்றிகள் மலையை விட்டே போய்விட்டனவாம். பொகவந்தலாவைக் கடைத்தெருவில் இப்படி ஒரு பேச்சு. பன்றிகளின் மனநிலை எனக்குத் தெரியாது. வில்லையாவது பார்த்துப் பத்திரிகையில் எழுதலாம் என்று இரண்டு பஸ் மாறிப் போனேன்.

வில் இல்லை. மரம் இருந்தது. கட்டிலுக்கடியில், கதவுக்குப் பின்னால், கூரைக்கும் சுவருக்கும் நடுவில், எங்கும் மரம்.

வாசகரே, இந்த வகை மனிதருக்கு மரம் பார்ப்பவர் என்று பெயர். இவர் சோம்பேறி அல்ல. வேலையைத் தொடங்குவதற்கு முன் செய்யவேண்டிய வேலையை ஓயாமல் செய்கிறவர்.

சூசைரட்ணம் ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலையில், தேயிலைப் பெட்டி அடிப்பவர். சீமைக்குத் திரும்பிய துரை விட்டுப்போன சஞ்சிகையில், மெல்லிய பட்டைகளை ஒட்டிச் செய்த வில்லின் படத்தை நாலு வருடத்துக்கு முன் பார்த்தார். அன்று தொடங்கி, கித்துளைப் பிளந்து, இழைத்து, ஒற்றைக் கண்ணை மூடி நீளவாட்டில் நோக்கி, வரி ஓடும் திசையை நகத்தால் தடவிப்போய், கணு இருந்தால் தள்ளி, கணு இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று சந்தேகப்பட்டு அதையும் தள்ளி, தப்பியதை அடுப்புக்கு மேல் காயவைத்து, ஒரு பக்கம் கூடக் காய்ந்துவிட்டதென்று இறக்கி, மூடுபனி விலகட்டும், வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஒட்டலாம் என்று காத்திருக்கிறார். டயகமவில் மூடுபனி விலகுவதா?

"மரம் சம்மதிக்கணுங்க" என்றார் என்னிடம். "அவசரப்பட்டா வில்லு முறுக்கிக்கிரும்."

மனைவி றோசலின் ரொட்டி தட்டியபடியே சொன்னார்: "பொண்ணு பாக்க வந்தப்ப இம்புட்டுப் பாக்கலைங்க. பாத்திருந்தா நான் தப்பிச்சிருப்பேன்."

பன்றிகள் வராதது மட்டும் உண்மை. பக்கத்து லயத்து வரிசை வீட்டில் அம்மாக்கண்ணு என்ற கொழுந்து பறிக்கும் பெண். அவர் போட்டிருக்கும் கோவா, அதாவது முட்டைக்கோஸ், பாத்தியை நம்பித்தான் மகள் நாகலெட்சுமி ஹற்றன் பள்ளிக்கூடம் போகவேண்டும். முன்பு இரண்டு முறை பன்றி தின்றது. இம்முறை சூசைரட்ணம் கழித்துப்போட்ட கித்துள் சட்டங்களைக் கேட்டு வாங்கி, நெருக்கமாக ஊன்றி வேலி கட்டிவிட்டார். அவ்வளவுதான் சங்கதி.

அந்த வேலியோரம் என்னுடன் நடந்த சூசைரட்ணம் சட்டென்று நின்றார். வெயிலிலும் பனியிலும் பதமாகக் காய்ந்த ஒரு சட்டம். பாத்தியில் நின்ற அம்மாக்கண்ணுவைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இந்த ஒண்ண மட்டும் உருவிக்கிறேன்."

"எதுக்குண்ணே?"

"வில்லுக்கு."

"வில்லு எதுக்கு?"

"பன்னிய அடிக்கத்தான்."

"பன்னிதான் வரலையே!"

"வேலி இருந்தா எப்படி வரும்?"

இதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா? அம்மாக்கண்ணுவிடம் இருந்தது. "கைய வச்சுப் பாருங்க, கூடையாலயே சாத்துறேன்" என்று சொல்லிவிட்டு மலைக்குப் போனார்.

அவர் தலை மறைந்ததும் சூசைரட்ணம் என்னிடம், "நீங்க படிச்சவங்க. ஒரு கண்ணப் போட்டுச் சொல்லுங்க" என்றார். நானும் குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். "நேராகத்தான் இருக்கிறது" என்றேன். சட்டம் வெளியே வந்தது.

மறுவாரம் றோசலினிடமிருந்து கடிதம். அந்த இடைவெளியில் பன்றி நுழைந்து எட்டுக் கோவாவைத் தின்றுவிட்டது. மிச்சத்தை விற்று நாகலெட்சுமி பள்ளிக்கூடம் சேர்ந்துவிட்டாள், காலுக்குச் சப்பாத்து மட்டும் இல்லாமல். சட்டத்தின் நடுவில் ஒரு கணு தெரிந்ததால் சூசைரட்ணம் அதையும் கழித்துவிட்டார். எட்டில் நாலு அவர் தலையில், நாலு 'அந்தப் பேப்பர்காரர்' தலையில், அதாவது என் தலையில், என்பது அம்மாக்கண்ணுவின் தீர்ப்பு. சூசைரட்ணம் தம் பங்கை மறுநாளே தோட்டத்துக் கடையில் வாங்கிக் கொடுத்துவிட்டாராம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். போன தையிலிருந்து நீங்கள் எழுதாமல் தள்ளிவைத்திருக்கும் கடிதத்துக்கு நல்ல காகிதம் கிடைத்துவிட்டதா?

எனக்குத் தீர்ப்பில் ஆட்சேபணை இல்லை. என் பங்கு நாலு கோவாவை அனுப்பத்தான் போகிறேன். மூன்று வாரமாக நுவரெலியாச் சந்தையில் தேடுகிறேன். ஒன்று இறுக்கமாக இருந்தால் இலை வெளுத்திருக்கிறது, இலை பச்சையாக இருந்தால் அடி தளர்ந்திருக்கிறது. கொடுப்பதை நல்லதாகப் பார்த்துக் கொடுக்க வேண்டாமா?