இடாப்பு அக்காவுக்குத் தெரியும்

ஆக்லாந்தில் பேய் உண்டா என்று யாராவது என்னைக் கேட்டால், உண்டு, ஆனால் அது உயிரோடு இருந்தது, மாதச் சம்பளம் வாங்கியது, மத்தியானத்தில் கறிபஃப் சாப்பிட்டது என்றுதான் சொல்வேன். நான் மனதுக்குள் எடுத்த முடிவை எனக்கே சொல்லி முடிப்பதற்குள், தொலைபேசியில் கூப்பிட்டுக் கண்டித்த ஒரே மனிதப் பிறவி அவர்.

அவருடைய சொந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. மவுண்ட் வெல்லிங்டன் பக்கத்தில் ஒரு கல்லூரியின் அலுவலகத்தில், யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பதிவதுதான் அவர் வேலை. அந்தப் பதிவேட்டை யாழ்ப்பாணத்தில் நாங்கள் இடாப்பு என்போம். ஆகவே மலேசியாவில் பிறந்து, அந்த ஊர் வழக்கப்படி பேச்சின் முடிவில் ‘லா’ சேர்க்கும் அந்தத் தமிழ்ப் பெண்மணி எங்களுக்கு இடாப்பு அக்கா.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஊரில் ஷெல்லடிக்குப் பயந்து பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இருபத்து மூன்று வயதில் இந்தக் கல்லூரியில் ஆறாம் ஃபோமில் சேர்ந்தேன். பள்ளிப் படிப்பின் கடைசிக்கு முந்திய வருடம் அது. சுற்றுவட்டாரச் சனங்கள் எல்லாருக்கும் அதுவே கல்லூரி என்பதால், பெரியவர்களுக்கும் பகல் வகுப்பில் இடம் கொடுத்தார்கள். அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால்தான் நான் மின்சார வேலை படிக்கப் போகலாம். வருடக் கடைசியில் ஒரே பரீட்சை என்று கிடையாது. வகுப்பில் செய்யும் வேலைகளுக்கே புள்ளி. அடிக்கடி வராமல் நின்றால் இடம் இன்னொருவருக்குப் போய்விடும்.

வராமல் நிற்பதற்கு எனக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் தாடியோடு உட்கார்ந்தால் என்னைப் பொலிஸ் என்று நினைத்துவிடுவார்களோ என்று கவலை. பஸ் வராவிட்டால் என்ன செய்வது என்று கவலை. வந்துவிட்டால் ஏற வேண்டுமே என்று அதைவிடப் பெரிய கவலை.

சேர்ந்து மூன்றாம் வாரம். மழை. விடிந்தும் விடியாத மாதிரி ஒரு சாம்பல் வெளிச்சம். ஒரு காலில் சப்பாத்தைப் போட்டுவிட்டு மற்றக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு வேண்டாம் என்று தோன்றியது. தோன்றியதுதான், வாய் திறக்கவில்லை. தொலைபேசி அடித்தது.

“சிவகடாட்சம். நீ இன்னிக்கு வரல.”

அது கேள்வி அல்ல. என் பெயரில் ‘சிவ’ வரைக்கும் வந்து ஆசிரியர்கள் மூச்சு வாங்குவார்கள். இந்தக் குரல் ஓரெழுத்தும் சிந்தாமல் முழுப் பெயரையும் சொன்னது, மேலுலகத்தில் பட்டியல் வாசிப்பது போல.

“இல்லையக்கா, வெளிக்கிட்டிட்டன்.”

“ஒரு கால்லதானே சப்பாத்து இருக்கு? இன்னொண்ணையும் போட்டுட்டு வா லா.”

குனிந்து காலைப் பார்த்தேன். ஜன்னலைப் பார்த்தேன். வெளியே மழையைத் தவிர ஒருவரும் இல்லை. போட்டுக்கொண்டு ஓடினேன்.

என்னோடு அறையில் இருந்த குகன் அண்ணை அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்தவர். பேய் பிசாசை நம்பாதவர். “டேய், படிக்கப் பஞ்சிப்படுற சோம்பேறி எவனும் ஒரு சப்பாத்தோடதான் குந்திக்கொண்டு இருப்பான். அவ எத்தினை பேரைக் கண்டிருப்பா” என்று சொல்லிவிட்டுக் குறட்டை விட்டார்.

அடுத்த முறை வரவேண்டாம் என்று தோன்றியபோது தொலைபேசியைக் கழற்றி வைத்தேன். பத்து நிமிடத்தில் கதவு தட்டுப்பட்டது. பக்கத்து வீட்டுச் சமோவாக்கார அம்மா, தலையில் துவாய் சுற்றியபடி.

“உன் தொலைபேசி சரியாக வைபடவில்லையாம். வைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போகச் சொல்லி எங்கள் வீட்டுக்கு ஒரு பெண் போன் எடுத்தார். யாரது, உன் அம்மாவா?”

அந்த வீட்டு நம்பரை நான் எந்தப் படிவத்திலும் எழுதியதில்லை. எனக்கே அது தெரியாது. “டிரெக்டரி எண்டு ஒரு புத்தகம் இருக்கடா” என்றார் குகன் அண்ணை. ஆனால் அன்று அவர் குறட்டை விடக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

இடாப்பு அக்காவின் அலுவலகம் வகுப்பறைகளை ஒட்டிய நீளமான நடையின் கடைசி அந்தலையில் இருந்தது. கண்ணாடி ஜன்னலில் திரை எப்போதும் பாதி இறங்கியிருக்கும். முகம் தெரியாது. மேசையில் ஒரு கை மட்டும் தெரியும். அது எழுதிக்கொண்டே இருக்கும். கதவுகளைத் தோளால் இடித்துத் திறக்கும் ஒரு டொங்காத் தீவுப் பையன், எங்கள் ரக்பி வீரன், அந்த ஜன்னலைத் தாண்டும்போது மட்டும் நுனிக்காலில் போவான்.

ஒரு நாள் நான் முதல் மணிக்கு இருபது நிமிடம் முன்பே வந்து, பெருமையோடு அந்த ஜன்னலைக் கடந்தேன். கை எழுதிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். என் பெயருக்கு நேரே ‘வரவில்லை’ அடையாளம்.

“அக்கா, நான் இஞ்சைதானே நிக்கிறன்!”

“ஆமா, நிக்கிறே.” கை நிற்கவில்லை. “பார்ப்போம்.”

இரண்டாம் பாடத்தில் வயிற்றைப் பிரட்டியது. மூன்றாம் பாடத்துக்கு முன்னே என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். “அது நேற்றையான் மீன்” என்றார் குகன் அண்ணை. அவரும் அதே மீனைத்தான் சாப்பிட்டார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை நான் சுட்டிக்காட்டியபோது, “எனக்கு இடாப்பு இல்லைத்தானே” என்றார். சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று யோசித்தார்.

இப்படி ஒரு குளிர்காலம் முழுவதும் அக்கா கூப்பிட, நான் ஓட, எப்படியோ படிப்பு நகர்ந்தது. பிறகு அந்தத் திங்கட்கிழமை வந்தது.

அன்று முதல் பாடத்தில் வகுப்புக்கு முன்னால் நின்று ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும். அதற்குப் பெரிய புள்ளி. தவறவிட்டால் ஆங்கிலம் போச்சு. ஆங்கிலம் போனால் சான்றிதழ் போச்சு. நான் இரண்டு வாரமாகச் சாப்பாடு இறங்காமல் கிடந்ததைப் பார்த்துவிட்டு குகன் அண்ணை எனக்கு வேலை கேட்டுத் தன் மேற்பார்வையாளரிடம் கதைத்திருந்தார். “திங்கள் காலமை ஒம்பது மணிக்கு வரட்டாம். பெட்டிக்கு முன்னால ஒருத்தரும் பேச்சுக் கேக்கமாட்டினம்.”

எட்டு வருடத்துக்கு முன் பள்ளிக்கூடத்தை விட்டதற்கு ஷெல் காரணம். இந்த முறை நானே காரணம். தெரிந்தும் முடிவெடுத்துவிட்டேன்.

அக்கா கூப்பிடுவார் என்று தெரியும். ஆகவே பதிலையும் தயார் செய்தேன். ஏழரைக்குத் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்: ‘அக்கா, குறை நினைக்காதேங்கோ. எனக்குப் படிப்புச் சரிவராது. இனிமேல் போன் எடுக்காதேங்கோ.’ ஆங்கிலப் பேச்சைக்கூட நான் இவ்வளவு பாடமாக்கியதில்லை.

ஏழே முக்கால். அடிக்கவில்லை. எட்டு மணி. அடிக்கவில்லை. எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். வேலை செய்தது. எட்டேகாலுக்கு மறுபடியும் எடுத்துக் காதில் வைத்தேன். அவர் அடிக்கும்போது பயந்ததெல்லாம் ஒரு பயமே இல்லை.

நானே கல்லூரிக்குத் தொலைபேசி எடுத்தேன். இயந்திரத்தில் அவருடைய குரல் வந்தது: “வராத மாணவரின் பெயரையும் காரணத்தையும் சொல்லுங்கள்.” பிறகு ஒரு ‘பீப்’. பிறகு ஒரு நீண்ட அமைதி. அதற்குள் யாரோ மூச்சு விடுவது கேட்டது. அது நான்தான் என்று புரியக் கொஞ்ச நேரம் எடுத்தது.

வெளியே குகன் அண்ணை ஹோர்ன் அடித்தார். காரில் ஏறினேன்.

“அண்ணை, முதல்ல கல்லூரியடியில ஒருக்கா நிப்பாட்டுங்கோ.”

“என்னத்துக்கு?”

“அவ இண்டைக்கு எனக்குப் போன் எடுக்கேல்லை.”

“நல்லதுதானே, விடு.”

“செத்துக்கித்துப் போனாவோ தெரியாது.”

குகன் அண்ணை என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனால் காரைத் திருப்பினார். திருப்பியபோது, வழக்கமாகப் போகும் வேகத்தைவிடக் கொஞ்சம் கூடவே போனார்.

பாடம் தொடங்கியிருந்தது. நடையில் ஈ காக்கை இல்லை. என் சப்பாத்துச் சத்தம் எனக்குப் பின்னால் யாரோ வருவது போல எதிரொலித்தது. ஜன்னலுக்கு வந்தேன். திரை முழுவதும் இறங்கியிருந்தது. கை இல்லை.

கண்ணாடியில் தட்டினேன். ஒன்றுமில்லை. இன்னொரு முறை தட்டினேன். மனதுக்குள் நான் அவருடைய செத்தவீட்டுக்குப் போய், யார் யாருக்குச் சொல்ல வேண்டும், அவருடைய பெயரே தெரியாமல் எப்படிச் சொல்வது என்றெல்லாம் கவலைப்பட்டு முடித்தபோது, திரை மெதுவாக மேலே போனது.

முதல் தடவையாக முழு முகமும் தெரிந்தது. வட்டமான, சாதாரணமான முகம். உதட்டோரத்தில் கறிபஃப் தூள்.

“ஏனக்கா இண்டைக்கு எனக்குப் போன் எடுக்கேல்லை?” என்று கேட்டேன்.

“இன்னிக்கு கூப்பிட்டிருந்தா நீ வந்திருக்க மாட்டே லா.” விரலைத் துடைத்தார். “பதில் ரெடியா வெச்சிருந்தியே.”

அவர் ஜன்னலுக்குக் கீழால் ஒரு சின்னத் துண்டைத் தள்ளினார். பிந்தி வருபவர் வகுப்பு ஆசிரியரிடம் கொடுக்க வேண்டிய துண்டு.

“ஓடு. ரெண்டு பேர் பேசி முடிச்சிட்டாங்க. மூணாவது நீ.”

ஓடிக்கொண்டே வாசித்தேன். என் பெயர், முழுமையாக. நேரம் எட்டு ஐம்பத்திரண்டு. நடையிலிருந்த கடிகாரத்தில் அப்போதுதான் எட்டு ஐம்பத்திரண்டு ஆனது. மை எப்போதோ காய்ந்திருந்தது. காரணம் என்ற இடத்தில், ஆங்கிலத்தில், உருண்டை எழுத்தில் எழுதியிருந்தார்: ‘என்னைப் பற்றிக் கவலைப்பட்டார்.’

பேச்சைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஐந்து நிமிடப் பேச்சு மூன்றரை நிமிடத்தில் தீர்ந்துபோனது. ஆனாலும் தேறினேன், வருடக் கடைசியில் சான்றிதழும் வந்தது. குகன் அண்ணை மட்டும் நெடுநாளைக்கு, நான் வேலைக்கு வராததற்குத் தன் மேற்பார்வையாளருக்குச் சொன்ன பொய்யை என்னிடம் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார்.

அன்று பேச்சு முடிந்ததும் ஆசிரியை பிந்தி வந்ததற்கான துண்டைக் கேட்டார். அது என் சட்டைப்பையில் இருந்தது. கொடுக்க மனம் வராமல், இல்லை என்றேன். காரணமில்லாமல் பிந்தியவன் என்று எழுதி அனுப்பினார். அன்று பின்னேரம் அதை இடாப்பில் ஏற்றியவர் அக்காதான். துண்டு எங்கே என்று என்னிடம் அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.