நீலக் கட்டம் போட்ட மூட்டை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே என்னைத் தவிர எல்லாரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தையும் உன் பெண்டாட்டி சௌக்கியத்தையும் கேட்பது முறை, கேட்டுவிட்டேன். என் கல்யாணத்தன்று போட்டோ எடுக்கிற நேரம் பார்த்து நீ தூங்கப் போனதை இந்தக் கடிதத்தில் எழுதப் போவதில்லை. இது அதைவிடப் பெரிய விஷயம். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு வண்டி எடுத்துக்கொண்டு வந்து என்னை உன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விடு. இனி இந்த வீட்டில் எனக்குச் சரிப்படாது.

என் மருமகள் போனில் எவளோ பேசினதைக் கேட்டுவிட்டு வீட்டைக் காலி பண்ண ஆரம்பித்தாள். ஒரு வருஷமாக யாரும் தொடாத பொருள் எதுவானாலும் வெளியே போக வேண்டுமாம். மூடி இல்லாத டப்பா, டப்பா இல்லாத மூடி, இட்டிலிப்பானை அளவுக்கு ஒரு காது போன பாத்திரம், உன் அத்தானின் குடை எல்லாம் போயிற்று. கடைசியில் என் அலமாரிக்கு வந்தாள். "அத்தை, இந்த மூட்டையைத் தொட்டு எத்தனை நாள் ஆச்சு?" என்றாள். "அப்படிப் பார்த்தா என்னைக்கூட யாரும் தொட்டு ரொம்ப நாள் ஆச்சும்மா, என்னையும் கீழே கொண்டு போய் வெச்சிடு" என்றேன். "உங்களை யாரு அத்தை தூக்குறது" என்று சிரித்துக்கொண்டே மூட்டையைத் தூக்கிப் போய்விட்டாள்.

அது என்ன மூட்டை என்று உனக்குத் தெரியும். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதைகளை வாரா வாரம் கிழித்து, கோணி ஊசியால் நானே தைத்து, நீலக் கட்டம் போட்ட விரிப்பில் கட்டி வைத்தவை. உன்னைப் படிக்க வைக்க என்னை மூணாங்கிளாஸில் நிறுத்தினார்களே, மிச்சப் படிப்பை நான் படித்தது அந்தக் காகிதங்களில்தான். அதை விட்டுவிடுவேனா? மத்தியானம் எல்லாரும் கண் அசந்த நேரம் பார்த்துக் கீழே போனேன். படிக்கட்டுக்கு அடியில் பழைய சாமான்காரனுக்காக எல்லா வீட்டு மூட்டையும் கிடந்தது. நம்ம நீலக் கட்டம் போட்ட விரிப்பைப் பார்த்தேன், லிஃப்டில் ஏறினால் யார் கண்ணிலாவது படும் என்று படி படியாக இழுத்து மேலே கொண்டு வந்தேன், மூச்சு வாங்கிக்கொண்டே முடிச்சை அவிழ்த்தேன். உள்ளேயிருந்து ஒரு மீன் என்னை முறைக்கிறது. ஏதோ புத்தகத்து அட்டையில், தலையில் விளக்கு வைத்த மீன்.

இந்தக் கட்டடத்தில் பாதி வீட்டில் அதே விரிப்புதானப்பா. ஒரே ஆள் வந்து வீடு வீடாக விற்றுவிட்டுப் போனான். நான் இழுத்து வந்தது எதிர்வீட்டுக் கப்பல்காரர் மூட்டை. என் கை நிறையப் பை இருக்கிறதைப் பார்த்தும் லிஃப்ட் கதவைச் சாத்திக்கொண்டு போனாரே, அவர்தான். நான் திரும்ப இறங்கிப் போவதற்குள் பழைய சாமான் வண்டி போய்விட்டது. என் தையல், என் கதை, எல்லாம் போச்சு. அவர் மூட்டையைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஆனால் அவர் வேண்டாம் என்று போட்டதுதானே. அதோடு, லிஃப்ட் விஷயம் இன்னும் முடியவில்லை.

அழுதுகொண்டு எவ்வளவு நேரம் உட்கார முடியும்? அறையில் வேறு ஒன்றும் இல்லை. இருமினால் என் இருமல் எனக்கே திரும்பி வருகிறது. வெறும் தரையில் படுத்துக்கொண்டு மீன் புத்தகத்தைப் பிரித்து எழுத்துக்கூட்டினேன். அது கடலுக்கு அடியில், வெயிலே எட்டாத இடத்தில் இருக்கிறதாம். ஆண் மீன் இத்தனூண்டு. பெண் மீனை ஒரு தரம் கடித்தால் அப்படியே ஒட்டிக்கொள்ளுமாம், அவள் ரத்தத்திலேயே சாப்பாடு, வேலை வெட்டி கிடையாது. உன் அத்தானை நினைத்துக்கொண்டேன். திரைச்சீலை அசைந்தது, தரையில் வெளிச்சம் தண்ணி மாதிரி ஓடிச்சு, நான் எங்கேயோ அடியில கிடக்கிற மாதிரியும் மேலே கப்பல் போற மாதிரியும் இருந்துச்சு. குக்கர் சத்தம் கேட்டுத்தான் கரைக்கு வந்தேன்.

அடுத்த நாள் மேகப் புத்தகம். பஞ்சு மாதிரி மிதக்கிற ஒரு மேகம் யானைக் கூட்டத்தோட எடை இருக்குமாம், தம்பி. கொடியில துணி காயப்போடப் போனவ துணியோட அப்படியே நின்னுட்டேன். இத்தனை வருஷமா என் தலைக்கு மேல யானைங்க போயிருக்கு, யாரும் ஒரு வார்த்தை சொல்லலை. நீயும்தான் படிச்சே, நீயாவது சொன்னியா?

சாயங்காலம் துணி மடிச்சுக்கிட்டே மருமகள் மெதுவாகக் கேட்டாள், "அத்தை, அந்த மூட்டையில அப்படி என்னதான் இருந்துச்சு?" சொல்லவே கூடாது என்றுதான் இருந்தேன். வாய் கேட்கவில்லை. ரயிலில் பெட்டி மாறிப்போன நர்ஸ் கதையை முதல் வாரத்திலிருந்து ஆரம்பித்து, நடுவில் வந்த பல்பொடி விளம்பரம் வரைக்கும் சொன்னேன். சட்டையைப் பாதி மடித்தபடியே உட்கார்ந்துவிட்டாள். "அப்புறம்?" என்றாள். "அடுத்த வாரம்" என்றேன். வேண்டுமட்டும் தவிக்கட்டும்.

ஆனாலும் செய்தது செய்ததுதான். ஞாயிற்றுக்கிழமை வந்துவிடு. உன் மாடி அறையை ஒழித்து வை. நான் பேசினால் ரேடியோ மாதிரி என்று உன் பெண்டாட்டி ஒரு தடவை சொன்னாளே, அதை மனசில் வைத்துக்கொள்ளவில்லை என்று அவளிடம் சொல். உன் முட்டிவலி குறையட்டும், அவளுக்குக் காதும் பொறுமையும் கூடட்டும், இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டாவது நீண்ட காலம் சேர்ந்திருங்கள்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போனபோது மருமகள் ஓடி வந்து, கப்பல்காரர் இன்னொரு மூட்டை கீழே போட்டிருக்கிறார், முன்னே போட்டதைவிடப் பெரிசு, நம்ம ரெண்டு பேராலேயும் தூக்க முடியாது என்கிறாள். நீ ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காதே, இந்தக் கடிதம் கிடைத்ததுமே கிளம்பி வா. வண்டி வேண்டாம், நல்ல கயிறாக ஒன்று கொண்டு வா. என்னை எங்கேயும் கூட்டிப் போக வேண்டாம், மூட்டையை மேலே ஏற்றிக் கொடுத்துவிட்டு நீ உன் வீட்டுக்குப் போ. கப்பல்காரர் வருகிறாரா என்று பார்க்க லிஃப்ட் பக்கம் மருமகள் நிற்கிறாளாம்.