மூன்றாம் எண் கரு எழுந்து போகவில்லை

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கு நானும் என் பிடிவாதமும் நலம். நீயும் உன் வீட்டாரும் அவ்வாறே இருக்க வேண்டும். ஆனாலும் உன் மேல் எனக்குக் கோபம்தான்.

என் மகள் மூன்று மாதக் கர்ப்பம். நம் குடும்பத்தில் பரம்பரையாக மாலைக்கண் இருப்பதால், மரபணுப் பரிசோதனை செய்து பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். நீயும் அவளிடம் போனில், "பார்க்கட்டுமே, என்ன குறைஞ்சுபோச்சு" என்றாயாம். அந்தப் பரிசோதனை அந்தக் காலத்திலேயே இருந்திருந்தால் நீயும் நானும் குறைந்திருப்போம். படம் தொடங்கிய பிறகு கொட்டகைக்குள் நுழைவோமே, நினைவிருக்கிறதா? உனக்குக் கண் தெரியும் என்று நான் உன் சட்டையைப் பிடித்துக்கொள்வேன், எனக்குத் தெரியும் என்று நீ என் சட்டையைப் பிடித்துக்கொள்வாய், ஒரு நாள் இருவரும் சுற்றிச் சுற்றி வந்து யாரோ ஒரு பெரியவர் மடியில் போய் உட்கார்ந்தோம். பாவம், அவர் திட்டவில்லை. விட்டுப்போன கதையைச் சொன்னார். அப்படி ஒரு படம் அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை.

இப்போது மகள் இந்தப் பரிசோதனையையே நாடகமாக எழுதி மேடையேற்றிவிட்டாள். மூன்று கருக்கள் ஆஸ்பத்திரி நாற்காலிகளில் காத்திருக்கும். டாக்டர் ஒவ்வொன்றின் குறையையும் வாசித்து, வேண்டாததை வெளியே அனுப்புவார். மூன்றாவது கரு நான். எழுபத்திரண்டு வயதில், வழுக்கைத் தலையில் வெள்ளைத் தொப்பியோடு. மேடை விளக்குகளும் என் வேலைதான். ஷாக் அடித்து அடித்தே மின்வேலை கற்றவன் நான். கரு வெளியேறும்போது வெளிச்சம் மெல்லக் குறைய வேண்டும் என்றேன். "வேண்டாம்பா, முழு வெளிச்சமே இருக்கட்டும்" என்றாள். எனக்கா சொல்லித்தருவது? சண்டை போட்டு, தானாகவே குறையும்படி அமைத்துவைத்தேன்.

முதல் கருவுக்குக் கணக்கு நன்றாக வருமாம், சேர்த்துக்கொண்டார்கள். இரண்டாவது குறட்டை விடுமாம், அனுப்பிவிட்டார்கள். முன்வரிசையில் ஒரு அம்மாள் தன் கணவரைத் திரும்பிப் பார்க்க, அரங்கமே சிரித்தது. அடுத்து நான். "மாலைக்கண். வேண்டாம்" என்றார் டாக்டர். இடப்பக்கக் கதவு வழியாக நான் போக வேண்டும். போகவில்லை. இன்னொரு முறை சொன்னார். "நான் இங்கேயே இருக்கேன், நீங்க அடுத்தவரைக் கூப்பிடுங்க" என்றேன். அடுத்தவர் என்று யாரும் நாடகத்தில் கிடையாது. சிரித்தவர்கள் மெல்ல அடங்கிப்போனார்கள். மகள் திரையை இறக்கினாள்.

வீடு திரும்பும்போது, "வேணும்னேதானே போகலை?" என்று கேட்டாள். "வந்தவனைப் போன்னு சொல்ல அவர் யாரு?" என்றேன். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "சரிப்பா, டெஸ்ட் வேண்டாம்" என்றாள்.

உனக்கும் இதுதான் பதில். குழந்தைகளுக்கு என் முழு ஆசி. உனக்குப் பாதி, மீதி நீ மன்னிப்புக் கேட்ட பிறகு.

உன் அண்ணன்

பி.கு.: மேலே உள்ளதை எழுதிவிட்டேனே தவிர, அப்படியே தபாலில் போட மனம் வரவில்லை. வெளிச்சம் குறைந்ததும் எனக்குக் கதவு தெரியவில்லை. அதனால்தான் உட்கார்ந்திருந்தேன். கொள்கையெல்லாம் உட்கார்ந்த பிறகு வந்தது. அதை நம்பி அவள் முடிவெடுக்கக் கூடாது என்று இன்று காலை சொல்லிவிட்டேன். சிரித்தாள், அழுதாள், பிறகு பரிசோதனைக்கு மறுபடியும் நேரம் வாங்கினாள். என்ன வந்தாலும் பிள்ளை நம்முடையதுதான், தெரிந்துவைத்துக்கொள்ளத்தான் என்றாள். துணைக்கு நான் போகிறேன். அதற்கு முன் ஸ்கேன் எடுப்பார்களாம், அந்த அறை இருட்டாக இருக்குமாம், கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறேன் என்றாள். கை வேண்டாம், சட்டை போதும் என்றேன். எனக்கு அதுதான் பழக்கம்.