பயண நேரம்: கழித்தல் இரண்டு மணி

உலகில் தூரத்தைவிட மரியாதைக்குரியது தூரத்தைப் பற்றிய சுற்றறிக்கை. அலுவலகத்தில் வாழ விரும்புவோர் இதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

அந்தத் தலைமை அலுவலகத்துக்கும் கடல் கடந்த கிளைக்கும் இடையே பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர். விமானத்தில் பதினான்கு மணி நேரம். ஆனால் கிளையிலிருந்து வந்த இயக்குநர், காலை பத்து மணிக்குப் புறப்பட்டு அதே நாள் காலை எட்டு மணிக்கே வந்து இறங்கினார். இரண்டு ஊர்க் கடிகாரங்களுக்கும் பதினாறு மணி நேர வேறுபாடு என்பதைப் பள்ளிப் பிள்ளையும் அறியும். அலுவலகம் பள்ளிப் பிள்ளையா என்ன? பத்தில் ஏறி எட்டில் இறங்கினால், பயண நேரம் கழித்தல் இரண்டு மணி என்று பட்டியல் தயாராகி, சுற்றறிக்கையாகவும் வந்தது. எல்லோரும் கையெழுத்திட்டார்கள். நமக்கேன் வம்பு என்று விடுப்புப் பிரிவு எழுத்தரும் இட்டார்.

ஒரு புதன்கிழமை, கிளை ஊரில் வசிக்கும் எழுத்தருடைய தம்பி தொலைபேசியில் அழைத்தான். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை.

"உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு தடவை உன் முகத்தைப் பார்க்கணும்ணா."

எழுத்தர் மேலாளர் முன் நின்றார்.

"சார், வெள்ளிக்கிழமை ஒருநாள் லீவு வேணும். நாளைக்குச் சாயந்தரம் ஆறு மணி விமானத்தைப் பிடிச்சாத்தான்..."

"எதுக்குங்க லீவு? வெள்ளிக்கிழமை வேலையை முடிச்சுட்டு ஆறு மணிக்கு ஏறுங்க. அன்னிக்கு நாலு மணிக்கே இறங்கிடுவீங்க!"

"அது அங்கிருந்து இங்க வர்றதுக்கு சார். இங்கிருந்து போனா கணக்கு தலைகீழ். அங்க சனிக்கிழமை ராத்திரி பன்னிரண்டு ஆயிடும்."

"போறப்ப ஒரு தூரம், வர்றப்ப ஒரு தூரமா? நடுவுல கடலை யாராவது இழுத்து நீட்டிட்டாங்களா?"

"தூரம் ஒண்ணுதான் சார். கடிகாரம்தான்..."

"கடிகாரம் சுற்றறிக்கை படிக்காது. நீங்க படிச்சிருக்கீங்க. இது யார் கையெழுத்து?"

எழுத்தர் பார்த்தார். எவ்வளவு அழகாகப் போட்டிருந்தார்!

உண்மையை அறிந்த மனிதர் அந்த நொடியே பையைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்க வேண்டும். நடக்கக் கால்கள் இருந்தன. பதவி உயர்வு வரிசையில் இரண்டாம் இடமும் இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை ஏறினார். சனிக்கிழமை நள்ளிரவில் இறங்கினார். தம்பி அன்று பகலிலேயே அறுவை மேசையில் இறந்திருந்தான்.

"உள்ள கொண்டுபோற வரைக்கும் வாசலையே பார்த்துட்டிருந்தாரு, மாமா" என்றாள் தம்பி மனைவி.

அவர் திரும்பி வந்ததும் அலுவலகம் இரங்கல் கூட்டம் நடத்தியது. மேலாளர் குரல் தழுதழுக்கத் தீர்மானம் வாசித்தார்: "பட்டியலின்படி நம் எழுத்தர் வெள்ளிக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்கே சென்று சேர்ந்து, தம்பியின் இறுதி இரவில் உடனிருக்கும் பேறு பெற்றார் என்பதை இவ்வலுவலகம் மனநிறைவோடு பதிவு செய்கிறது."

பிறகு நிமிர்ந்து, "சரிதானுங்களே?" என்றார்.

அங்கிருந்த எல்லோருக்கும் உண்மை தெரியும். யாராவது ஒருவர் சொல்லட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். எழுத்தரும் காத்திருந்தார்.

"சரிதான் சார்" என்றார் கடைசியில்.

இரங்கல் கூட்டத்தில் கை தட்டக்கூடாது என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மேலாளர் தட்டத் தொடங்கிவிட்டார், அவர்களும் தட்டினார்கள்.

எழுத்தர் சற்றுப் பலமாகவே தட்டினார்.