மழைக்காரரின் பெட்டி

பிரெஞ்சுத் தலைநகரில் எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் மழையைக் கண்டு சந்தோஷப்பட்ட ஒரே மனிதர் மழைக்காரர்தான். முதல் துளி விழுந்ததும் நாங்கள் கடைக்குள் ஓடுவோம். அவர் படம் கீறக் கடையிலிருந்து வெளியே ஓடுவார்.

அயர்லாந்துக்காரர். பக்கத்து ஊரான பொபினியில் கட்டட வேலை செய்து ஓய்வு பெற்ற பிறகுதான் படம் கீறத் தொடங்கினார். யாரிடமும் படிக்கவில்லை. படத்தைப் பார்த்தாலே அது தெரியும். ரயில் பாலத்தில் நின்று, தண்டவாளங்களைப் பார்த்தபடி தன் ஊர் மலைகளைக் கீறுவார். அவர் பேசியது பிரெஞ்சு. எனக்கு விளங்கிய தமிழில் எழுதுகிறேன்.

"மலை எங்கையப்பா? எனக்கு ரயில்தான் தெரியுது" என்று எங்கள் கடை முதலாளி ஒருநாள் பாலத்தில் வைத்துக் கேட்டார்.

"அதுக்குப் பின்னாலை."

முதலாளி எட்டிப் பார்த்தது உண்மை.

ரூ பெர்தொனே என்ற தெருவில் நான் சமைக்கும் சாப்பாட்டுக் கடையில்தான் அவருடைய வண்ணப்பெட்டி இருக்கும். அவர் அறைக்கு லிஃப்ட் இல்லை, பெட்டியோடு படி ஏறினால் முழங்கால் நோகும்.

ஒரு வருஷம் சரஸ்வதி பூசையன்று, சமையல் முடிந்ததும் என் கத்தி, அகப்பை, முதலாளியின் கல்குலேட்டர் எல்லாவற்றையும் சாமி படத்துக்கு முன்னால் வைத்தோம். "அந்த மனுசனும் தொழில் செய்யிற ஆள்தானே" என்று முதலாளி அவர் பெட்டிக்கும் சந்தனம் பூசி வைத்துவிட்டார். அப்படி வைத்ததை மறுநாள் விஜயதசமிப் பூசை முடியும்வரை எடுக்கக் கூடாது.

பின்னேரம் மழைக்காரர் வந்து பெட்டியைக் கேட்டார். அவருக்கு ஒரு கண் முன்பே போய்விட்டது. மற்றக் கண்ணில் மறுநாள் விடிய சத்திரசிகிச்சை. பார்வை தங்குமென்று டாக்டரே உறுதி சொல்லவில்லை. அதற்கு முன் ஒரு படம் கீறிவிட வந்திருந்தார்.

முதலாளி கையைப் பிசைந்தார். "வைச்சதை எடுத்து, உங்கடை கண்ணுக்கு ஏதும் நடந்தால்? எனக்கு ஒண்டும் ஓடுதில்லை, அண்ணை."

மழைக்காரர் சாமி படத்தைப் பார்த்தார். "இவ ஆர்?"

"படிப்புக்கும் கலைக்கும் தெய்வம்."

"அப்ப என்ரை படங்களைப் பாத்திருப்பா. பெட்டியை அவவே வைச்சிருக்கட்டும், பாவம்."

எல்லோரும் சிரித்தோம். பிறகு அவர் ஜன்னலடியில் போய் இருந்து, ஆவி படிந்த கண்ணாடியில் விரலால் கீறத் தொடங்கினார். ஒரு மலை. ஒரு வேலி. கண்ணாடி காயக் காயக் கோடுகள் அழிந்தன. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் குசினிக்குள் போய், தேத்தண்ணிக்குக் கொதித்த பெரிய பானையின் மூடியை எடுத்துவிட்டு, குசினிக் கதவையும் திறந்துவிட்டேன். கண்ணாடியில் திரும்ப ஆவி படிந்தது. அவர் திரும்பக் கீறினார். மூடி திறந்திருந்தால் ஏசுகிற முதலாளி, அன்று தானே இன்னொரு பானையில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தார்.

கண்ணின் கட்டை அவிழ்த்த பிறகு ஒருநாள் மழைக்காரர் கடைக்கு வந்தார். நேரே குசினிக்குள் நுழைந்து என் முகத்துக்குக் கிட்ட நின்றார்.

"தம்பி, உன்ரை மீசை நரைச்சுப்போச்சு. ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை."

யாராவது உற்றுப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்ளும் ஆள் நான். அன்று அவர் பார்த்து முடிக்கும்வரை அப்படியே நின்றேன்.