மாப்பிள்ளையை அளக்கப் போன பள்ளத்தாக்கு

எனக்கு முன்கோபம். அதைவிட மோசம், வீம்புக்கு நான் எடுக்கும் முடிவுகள் எனக்கு மட்டும் புத்திசாலித்தனமாகத் தெரியும். இதை நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் தங்கை வந்து சொல்லிவிடுவாள்.

வளைகுடாவில் இருப்பவனுக்கு ஊரிலிருந்து ஒரு கூடுதல் டூட்டி உண்டு. வரன் விசாரிப்பது. "தங்கச்சிக்கு ஒரு வரன் வந்திருக்கு. பையன் துபாய்ல ஸ்டோர்கீப்பராம். பேரு செந்தில். குடிக்கிறானா, கூட யாரு இருக்காங்கன்னு பாத்துட்டு போன் பண்ணு. நீ சரின்னாதான் தட்டு மாத்துவோம்" என்றார் அப்பா.

மற்றவர்கள் பையனின் ரூமில் ஒரு டீ குடித்துவிட்டுத் தங்கமான பையன் என்று சொல்லிவிடுவார்கள். டீயில் என்ன தெரியும்? மலையில் இரண்டு மூன்று நாள் நடக்கவிட்டால் ஆள் யாரென்று தெரிந்துவிடாதா? (இந்த யோசனை வந்தபோது என்னை நானே பாராட்டிக்கொண்டேன்.)

டிசம்பரில் சேர்ந்தாற்போல் லீவு வந்தது. செந்திலை ஷார்ஜா தொழில்பேட்டையில் என் ரூமுக்கு வரச் சொல்லி, ராஸ் அல் கைமா மலைகளின் வரைபடத்தை விரித்தேன். இரண்டு வழி இருந்தது. ஒன்று, முகட்டைச் சுற்றிப் போகும் பழைய கழுதைப் பாதை. மூன்று நாளும் முழுசாக நடக்க வேண்டும். இன்னொன்று வாதி, அதாவது மழை பெய்தால் மட்டும் தண்ணீர் ஓடும் பள்ளத்தாக்கு. அதன் அடியிலேயே இறங்கினால் இரண்டே நாளில் கீழே ரோடு.

"வாதியிலயே போவோம்" என்றேன்.

செந்தில் ஓரிடத்தில் விரலை வைத்தான். "அண்ணே, இந்த உயரக் கோடெல்லாம் இங்க மட்டும் ஏன் ஒட்டிக்கிட்டு நிக்குது?"

"பிரிண்ட் சரியில்ல."

"கழுதைப் பாதையில போயிரலாமாண்ணே? நடுவுல கிணறு போட்டிருக்கு."

"தம்பி, நான் பன்னெண்டு வருஷமா டிரெய்னேஜ் பைப் போடுறேன். தண்ணி எப்பவும் சுலபமான வழியிலதான் போகும். அது போற வழியில மனுஷன் போக முடியாதா?"

அவன் வரைபடத்திலிருந்து விரலை எடுத்துக்கொண்டான். பயந்தாங்கொள்ளி என்று மனசுக்குள் ஒரு மார்க் குறைத்தேன்.

வண்டியை மலைமேல் நிறுத்திவிட்டுக் கிளம்பினோம். முதல் நாள் நன்றாகத்தான் போனது. இடுப்பளவுப் பாறைகளில் சறுக்கிச் சறுக்கி இறங்கினோம். நான் பின்னால் நடந்தபடி அவனை வேவு பார்த்தேன். குப்பூஸ் ரொட்டியை எப்படித் தின்கிறான், கல் இடறினால் யாரைத் திட்டுகிறான்? யாரையும் திட்டவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

இரண்டாம் நாள் மதியம் தரை முடிந்துவிட்டது. பள்ளத்தாக்கு தொடர்ந்தது, நாலு மாடிக்குக் கீழே. வரைபடத்தில் கோடெல்லாம் ஒட்டிக்கொண்டு நின்ற இடம் இதுதான்; மழை பெய்தால் அங்கே அருவி விழும். தண்ணீர் சுலபமான வழியில் போகும் என்பது உண்மைதான். ஆனால் தண்ணீருக்கு உடைவதற்கு எலும்பு கிடையாது. பன்னிரண்டு வருடத்தில் இது எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

பாறையைத் திட்டினேன். வரைபடத்தைத் திட்டினேன். அதை வரைந்தவனின் பரம்பரையையும் விடவில்லை.

"அண்ணே, கத்தாதீங்க. தொண்டை காஞ்சுரும். ரெண்டு பேருக்கும் சேத்து மூணு பாட்டில் தண்ணிதான் இருக்கு."

வந்த வழியே ஏறினோம், ஒன்றரை நாள். தண்ணீரை அவனே வாங்கி வைத்துக்கொண்டு, எனக்கும் அவனுக்கும் பாட்டில் மூடியால் அளந்து ஊற்றினான். பாதி வழி என் பையையும் சுமந்தான். 'நான் அப்பவே சொன்னேன்' என்று எந்த வளைவில் சொல்லப்போகிறான் என்று காத்துக்கொண்டே ஏறினேன். சொன்னால் இந்த வரன் வேண்டாமென்று அப்பாவிடம் சொல்ல முடிவு செய்திருந்தேன். (ஆமாம், அவ்வளவு கேவலமானவன்தான்.) அவன் சொல்லவே இல்லை.

வண்டி கண்ணில் பட்டதும் தாங்க முடியாமல் நானே கேட்டேன். "ஏன் தம்பி, ஒரு வார்த்தை சொல்லல?"

வெடித்த உதட்டோடு சிரித்தான். "நீங்க வீட்டுக்குப் போன் பண்ணணுமேண்ணே. தாலி ஏறட்டும், சொல்லிக்கிறேன்."

சிக்னல் வந்ததும் அப்பாவைக் கூப்பிட்டேன். "தங்கமான பையன். சீக்கிரம் முடிச்சிருங்க."

"ஏன்டா, உன் குரல் ஏன் இப்படிக் கிடக்கு?"

"போனை வைங்கப்பா."

கல்யாணமாகி ஆறு வருடமாகிறது. மூன்றாம் முடிச்சு போட்ட கையோடு என் பக்கம் திரும்பி, "மச்சான், நான் அப்பவே சொன்னேன்" என்றான். அன்றிலிருந்து நிறுத்தவில்லை. நான் வண்டியை நிறுத்திய இடத்தில் ஃபைன் விழுந்தாலும் அதேதான், நான் சொன்ன கடையில் பிரியாணி தீர்ந்துபோனாலும் அதேதான். துபாய் வந்ததும் தங்கையும் சேர்ந்துகொண்டாள். போன வெள்ளிக்கிழமை அவர்களுடைய நாலு வயது மகள் என் சட்டையில் மாம்பழ ஜூஸைக் கொட்டிவிட்டு, இடுப்பில் கை வைத்து, "மாமா, நான் அப்பவே சொன்னேன்ல" என்றாள்.

அவள் எதையுமே சொல்லியிருக்கவில்லை. அதை வீட்டில் யாரும் கண்டுகொள்ளவும் இல்லை.