உலை திறக்கும் முன் ஒரு வார்த்தை

ஊருக்கு நாலு பேர், அலுவலகத்துக்கு இரண்டு பேர், வீட்டுக்குத் தவறாமல் ஒருவர் என்று பரவிக் கிடக்கும் ஒரு பிறவியை உங்களுக்கு அறிமுகம் செய்கிறேன்: 'நான் அப்பவே சொன்னேன்' ஆசாமி. எது நடந்தாலும், நடந்து முடிந்த பிறகு, அதை முன்கூட்டியே சொல்லிவிடுவார்.

எனக்குத் தெரிந்தவர் ஓர் உருக்காலையில் ஆலோசகர். முதுகுக்குப் பின்னால் 'அப்பவே சார்'. வீட்டில் பால் பொங்கி வழிந்தால், விரித்த பேப்பரை மடிக்காமலே, "நான் அப்பவே சொன்னேன்" என்பார்.

"எப்பங்க சொன்னீங்க?" என்று கேட்பார் மனைவி.

"மனசுக்குள்ள."

அந்த ஆலையில் தாதுவை மின்சாரத்தில்தான் உருக்கினார்கள். பாதியில் கரண்ட் போனால் எல்லாம் உலைக்குள்ளேயே உறைந்து பாறையாகிவிடும். பிறகு ஆட்கள் உள்ளே இறங்கி உடைத்து எடுக்க வேண்டும். அங்கே பொறியாளராக இருந்த அவருடைய அண்ணன் மகள், எரிவாயுவில் உருக்கலாம் என்று திட்டம் போட்டாள். "ஒரு உலையில செஞ்சு காட்டு. சரிவரலைன்னா ஆலையையே பூட்டிடுறேன்" என்றார் முதலாளி. எல்லார் பிழைப்பும் அவள் தலையில் வந்து உட்கார்ந்தது.

அன்றிலிருந்து நம்மவருக்கு ஓயாத வேலை. கேண்டீனில் எரிவாயுக் கட்சிக்காரர்களோடு உட்கார்ந்து, "இனிமே கரண்டை நம்பினா பொழப்பு நாறிடும்" என்பார். டீ ஆறுவதற்குள் எதிர் மேஜைக்கு நகர்ந்து, "சின்னப் பொண்ணு, விளையாட்டுன்னு நெனச்சிருக்கு" என்று உச்சுக் கொட்டுவார். எது நடந்தாலும் சாட்சிக்கு ஆள் தயார்!

உலையின் வாயைத் திறக்கும் நேரம் வந்தது. ஆலையே திரண்டு நின்றது. பயத்தில் முகம் வெளுத்துப்போயிருந்த அந்தப் பெண் சட்டென்று திரும்பினாள்.

"சித்தப்பா, இப்பவே சொல்லிடுங்க. உருகி ஓடுமா, ஓடாதா?"

இப்படி ஓர் அநியாயம் அவருக்கு யாரும் செய்ததில்லை. கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார்.

"அது வந்தும்மா... ஓடணும்னா ஓடும்."

"ஓடலைன்னா?"

"அதையும் யோசிக்கணும்ல?"

திறந்தார்கள். ஒன்றும் வரவில்லை. அப்பவே சார் பெருமூச்சோடு ஆரம்பித்தார்: "நான் அப்பவே..."

அதற்குள் உலோகம் செக்கச்செவேலென்று வாய்க்காலில் பாய்ந்தது. கொடுத்து வைத்தவர். வாக்கியத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

"...சொன்னேன்!" என்று ஆனந்தமாக முடித்தார்.

அந்த உற்சாகக் குரலைக் கேட்ட முதலாளி நேரே வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். சாதித்துக் காட்டியவள் ஓர் ஓரமாக நின்று அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

என்ன முணுமுணுக்கிறீர்கள்? கைகுலுக்கல் அவருக்குத்தான் போய்ச் சேரும் என்று பாதியிலேயே தெரிந்துவிட்டதா? அப்படியா! யாரிடம் சொன்னீர்கள்?

மனசுக்குள்ளேயா?